கிணத்துத் தண்ணியில வீட்டைச் சூடாக்க முதல் கிணத்தைப் பாருங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன கிழமை உங்கட பேப்பரிட வீடு பற்றின பக்கத்தில, கிணத்துத் தண்ணியில ஓடுற ஹீற் பம்ப்பைப் பற்றி "கிணறு இருந்தா ஹீற்றிங் சும்மா" எண்டு வந்த கட்டுரையைப் பற்றித்தான் எழுதுறன். நான் ஒன்ராறியோவில ஏசி, ஹீற் பம்ப் வேலை செய்யிற மெக்கானிக், 313ஏ லைசென்ஸ் வச்சிருக்கிறன், நகரத்துக்கு வெளியில கிணத்துத் தண்ணியில ஓடுற சிஸ்டங்களையும் திருத்திறனான். கட்டுரையில பொய் எண்டு சொல்ல ஒண்டும் இல்லை, ஆனா பாதிக் கதைதான் இருக்கு, மற்றப் பாதி தெரியாமச் சைன் வச்சா ஜனவரி மாசம் நடுச்சாமத்தில எங்களை மாதிரி ஆக்களுக்குத்தான் போன் வரும், அதைவிட இப்ப கதைச்சு முடிக்கிறது நல்லம் எண்டு நினைச்சன்.

எங்கட சனம் இப்ப ஸ்காபரோ, மார்க்கம் எண்டு மட்டும் இல்லை, வீட்டு விலை ஏறின பிறகு லின்ட்சே, ஒறேஞ்வில், போர்ட் பெரி, பீற்றர்பரோ எண்டு தூரத் தூரப் போயிட்டினம், காணி பெரிசு, வீடு பெரிசு, பின்னால மரம் எல்லாம் வடிவா இருக்கு, ஆனா அந்த றோட்டுகள் கனக்கவில காஸ் லைன் இல்லை, புரோபேன் லொறி வரவேணும் இல்லாட்டி எண்ணெய் லொறி வரவேணும், முதல் வின்ரர் பில்லைப் பாத்தவுடன தலை சுத்தும். அந்த நேரம் பாத்து ஒரு சேல்ஸ் ஆள் வந்து "அண்ணை, உங்கட வளவுக்குள்ளயே ஹீற்றர் கிடக்கு, நீங்கள் பாவிக்காம இருக்கிறியள்" எண்டு சொன்னா ஆருக்குத்தான் ஆசை வராது.

முதல்ல அது என்னெண்டு சொல்லுறன். தென் ஒன்ராறியோவில நிலத்துக்குக் கீழ இருக்கிற தண்ணி வருசம் முழுக்க 8 இல்லாட்டி 10 டிகிரியிலதான் நிக்கும், வெளியில மைனஸ் 25 எண்டாலும் சரி, ஜூலை மாசம் 33 எண்டாலும் சரி கீழ அது அசையாது. ஹீற் பம்ப் எண்டுறது பிரிட்ஜ் மாதிரித்தான், பிரிட்ஜ் உள்ளுக்க இருக்கிற சூட்டை எடுத்துப் பின்பக்கத்தால வெளியில தள்ளுது, இது கிணத்துத் தண்ணியில இருக்கிற சூட்டை எடுத்து வீட்டுக்குள்ள தள்ளுது. 8 டிகிரித் தண்ணியில என்ன சூடு எண்டு கேப்பியள், எனக்கும் படிக்கிற காலத்தில அதுதான் விளங்கேல்லை, ஆனா குளிரூட்டி வாயு அதைவிடக் குளிரா இருந்தா 8 டிகிரியும் அதுக்குச் சூடுதான். சமரில அதே மெஷினைத் திருப்பி ஓட்டினா வீட்டுச் சூடு தண்ணிக்குள்ள போகும்.

இது நேற்று வந்த புதுச் சாமானும் இல்லை. ஹீற் பம்ப் எண்ட யோசனையை கெல்வின் பிரபு 1852-லயே எழுதி வச்சிட்டார். அமெரிக்காவில ஒறிகன் மாநிலம் போர்ட்லண்டில 1948-ல திறந்த ஒரு பெரிய ஒஃபிஸ் கட்டடம் கிணத்துத் தண்ணியை வச்சுத்தான் சூடும் குளிரும் எடுத்தது, இப்ப கொமன்வெல்த் பில்டிங் எண்டு சொல்லுறது. பொஸ்ரனில ட்ரினிட்டி சேர்ச் பாறைக்குள்ள 1500 அடி ஆழத்துக்குக் கிணறு இறக்கி அதில ஓடுது. ஆகவே இதைச் சுத்துமாத்து எண்டு சொல்லுறவையோட எனக்கு உடன்பாடு இல்லை. கிணறு சரியா வாய்ச்சா இதைப்போல ஒரு சிஸ்டம் கிடையாது, வெளியில பேன் சத்தம் இல்லை, காத்தில ஓடுற ஹீற் பம்ப் பனி உருக்கிறதுக்கு அடிக்கடி நிண்டு நிண்டு ஓடுறது போல இதுக்கு இல்லை, மைனஸ் 25 இரவிலயும் ஒரே மாதிரி வேலை செய்யும். கிணறு சரியா வாய்ச்சா எண்டு சொன்னன், என்ர கடிதம் முழுக்க அதைப் பற்றித்தான்.

கணக்கு ஒண்டு பாப்பம். ஒரு சாதாரண வீட்டுக்கு 3 தொன் மெஷின் எண்டு வச்சுக்கொள்ளுங்கோ, தொன் எண்டுறது இதில எடை இல்லை, சூட்டிட அளவு, அது மணித்தியாலத்துக்கு 36,000 பிரிட்டிஷ் தேர்மல் யூனிற், கிலோவாட்டில சொன்னா பத்தரை. அதுக்கு நிமிசத்துக்கு ஏறக்குறைய 30 லிட்டர் தண்ணி ஓட வேணும், 8 டிகிரியில உள்ளுக்க வந்து 4 டிகிரியில வெளியில போகும், அந்த 4 டிகிரி வித்தியாசத்தில கிடைக்கிற சூடு 8.4 கிலோவாட், கொம்ப்ரெசர் இழுக்கிற ரெண்டரை கிலோவாட் கரண்டும் கடைசியில சூடாத்தான் வீட்டுக்குள்ள வருது, எல்லாம் சேர்ந்து 11-க்குக் கிட்ட. அப்ப ரெண்டரை குடுத்து 11 எடுக்கிறம், நாலு மடங்குக்கு மேல, விளம்பரத் தாளில போடுற நம்பர் இதுதான்.

ஆனா அந்தத் தண்ணி தானா மேல வராது தானே. கிணத்துப் பம்ப் முக்கால் இல்லாட்டி ஒரு குதிரைவலு, மெஷின் ஓடுற நேரம் முழுக்க அதுவும் ஓடும், ஒரு கிலோவாட்டுக்குக் கிட்டக் கரண்டு இழுக்கும். அதையும் சேர்த்தா மூண்டரை குடுத்து 11, மடங்கு மூண்டு சொச்சத்துக்கு இறங்கியிட்டுது. தண்ணி மட்டம் ஆழமா இருந்தா இன்னும் இறங்கும். மூண்டும் மோசமில்லை, சுவரோரம் பூட்டுற பேஸ்போர்ட் கரண்டு ஹீற்றர் ஒரு மடங்குதான் தரும், அதோட பாத்தா கரண்டு பில் மூண்டில ஒண்டு. எண்டாலும் "சும்மா" எண்டு தலையங்கம் போட ஏலாது, பம்ப்பிட கரண்டை எந்த சேல்ஸ் ஆளும் தாளில எழுதி நான் காணேல்லை.

இப்ப தண்ணியிட அளவுக்கு வாறன். நிமிசத்துக்கு 30 லிட்டர் எண்டா கேக்கச் சின்னனா இருக்கும். நல்ல குளிர் விழுற நாளில மெஷின் நிக்காம ஓடினா அது ஒரு நாளைக்கு 43,200 லிட்டர். நாலு பேர் உள்ள ஒரு குடும்பம் குளிச்சு, சமைச்சு, உடுப்புத் தோய்ச்சுப் பாவிக்கிறது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1000 லிட்டர். அப்ப இந்த மெஷின் ஒரு ஆளா நிண்டு நாப்பது வீட்டுத் தண்ணியைக் கேக்குது. உங்கட கிணறு உங்கட குடும்பத்துக்கு இருபது வருசமா வத்தாமத் தண்ணி தந்தது எண்டுறதில இருந்து இந்த மெஷினுக்கும் தரும் எண்டு முடிவெடுக்க ஏலாது, ஆனா கட்டுரையில "ஏற்கெனவே நல்ல கிணறு இருந்தால் போதும்" எண்டு ஒரே வரியில முடிச்சிருக்கினம்.

மெஷின் 4 தொன் எண்டா கணக்கு 57,600 லிட்டருக்குப் போகும். ஒன்ராறியோவில ஒரு நாளைக்கு 50,000 லிட்டருக்கு மேல தண்ணி எடுத்தா பொதுவா மாகாணச் சுற்றாடல் அமைச்சிட பெர்மிட் வேணும். வீட்டுத் தேவைக்கு எடுக்கிறதுக்கு விலக்கு இருக்கு, ஆனா ஹீற் பம்ப்புக்கு ஓடுற தண்ணியையும் அதுக்குள்ள நீங்களாவே சேர்த்துக்கொள்ளாதேங்கோ, அமைச்சிட்ட எழுத்தில கேட்டு எழுத்தில பதில் வாங்குங்கோ. கொன்றாக்டர் "அதெல்லாம் ஒண்டும் தேவையில்லை" எண்டு சொன்னா அதையும் எழுத்தில தரச் சொல்லுங்கோ, பெரும்பாலும் தரமாட்டினம்.

கிணறு தோண்டினவை ஒவ்வொரு கிணத்துக்கும் ஒரு ரெக்கோர்ட் எழுதி மாகாணத்துக்குக் குடுக்க வேணும், ஒழுங்குவிதி 903 எண்டு சொல்லுறது. அதில எத்தினை அடி ஆழம், எந்த மண், எந்தக் கல்லு, தண்ணி எவ்வளவில நிக்குது, பம்ப் பண்ணினா எவ்வளவு இறங்குது எண்டு எல்லாம் இருக்கும், மாகாண அரசாங்கத்திட வெப்சைட்டில மப் ஒண்டில தேடிக் காசில்லாமலே பாக்கலாம். உங்கட கிணத்திட ரெக்கோர்ட்டை மட்டும் பாக்காம அயலில உள்ள கிணறுகளிடதையும் பாருங்கோ, ஒரே றோட்டில ஒரு வீட்டுக்குச் சுண்ணாம்புக் கல்லில நல்ல தண்ணியும் பக்கத்து வீட்டுக்குக் களிமண்ணில சொட்டுத் தண்ணியும் இருக்கிறது சாதாரணம். பழைய ரெக்கோர்ட்டுகளில கலன் எண்டு போட்டிருந்தா அது பிரிட்டிஷ் கலன், நாலரை லிட்டர், மெஷின் புத்தகத்தில கலன் எண்டா அமெரிக்கன் கலன், 3.8 லிட்டர், எல்லாத்தையும் லிட்டருக்கு மாத்திப்போட்டு ஒப்பிடுங்கோ. இன்னொண்டு, அந்த ரெக்கோர்ட்டில உள்ள பம்ப் டெஸ்ட் ஒரு மணித்தியாலம் செய்தா சட்டத்துக்குக் காணும். வீட்டுக்கு அது காணும். நாள் முழுக்க ஓடுற மெஷினுக்குக் காணாது, 24 மணித்தியாலம் இறைச்சுப் பாத்து மட்டம் எங்க நிக்குது எண்டு பாக்க வேணும், அதுவும் முடிஞ்சா தண்ணி குறைஞ்சிருக்கிற காலத்தில, ஏப்ரல் மாசம் பனி உருகி நிலம் நிறைஞ்சிருக்கேக்க செய்து போட்டு "பாத்தியளே எவ்வளவு தண்ணி" எண்டு காட்டுறதில என்ன பிரயோசனம். வெட்டுக் கிணறு வச்சிருக்கிறவை இந்தக் கதையையே மறக்கிறது நல்லம், ஆழம் இல்லாததால வின்ரர் கடைசியில அந்தத் தண்ணியும் குளிர்ந்து போகும், அளவும் காணாது.

அளவு சரி எண்டு வைப்பம், தரம்? தென் ஒன்ராறியோவில கன இடம் சுண்ணாம்புக் கல்லு, யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை, கேத்திலுக்க வெள்ளையா படியிறதை எங்கட அம்மாமார் புளி போட்டு ஊற வச்சுக் கழுவினவை. அதே வெள்ளைப் படிவு மெஷினுக்குள்ள தண்ணியில இருந்து குளிரூட்டி வாயுவுக்குச் சூட்டை மாத்திற ஹீற் எக்ஸ்சேஞ்சரிலயும் படியும், முக்கியமா சமரில, அந்த நேரம் அது சூடா இருக்கும். குடிதண்ணிக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேல கடினத்தன்மை இருந்தா மோசம் எண்டுதான் ஒன்ராறியோ வழிகாட்டியில இருக்கு, அதைத் தாண்டின கிணறுகள் நிறைய இருக்கு. உப்புப் போட்டுச் சுண்ணாம்பை எடுக்கிற சொஃப்ற்னர் பூட்டினாப் போச்சு எண்டு சிலர் சொல்லுவினம், ஒரு நாளைக்கு 43,000 லிட்டரை சொஃப்ற்னரால விட்டா உப்பு மூட்டை வாங்கியே புரோபேன் காசு போயிடும்.

சுண்ணாம்பையும் விடப் பெரிய வில்லன் இரும்பு. போன வருசம் குளிருக்க ஒரு வீட்டுக்குப் போனன், கவார்த்தா பக்கம், மெஷின் பூட்டிக் கன காலம் இல்லை, "லோ வோட்டர் டெம்பரேச்சர்" எண்டு காட்டி அடிக்கடி நிக்குது, வீட்டில வயசுபோன அம்மா கம்பளி போத்துக்கொண்டு அவண் அடுப்புக்குப் பக்கத்தில இருக்கிறா. பூட்டின கொம்பனி மூண்டு தரம் வந்து போர்டை மாத்தினது, சென்சரை மாத்தினது. நான் தண்ணி வெளியில போற பைப்பைக் கழட்டினன், உள்ளுக்க செம்மண் நிறத்தில வழுவழு எண்டு ஒரு பாசி, விரலால வழிச்சு எடுக்கலாம், பழைய கிறீஸ் போல, மணமும் அப்பிடித்தான் ஒரு சதுப்பு மணம். இரும்பைத் தின்னிற பாக்டீரியா. அது வளர்ந்து வளர்ந்து முக்கால் இஞ்சிப் பைப்பில பென்சில் போற ஓட்டைதான் மிச்சம், தண்ணி பாதியாக் குறைஞ்சா 4 டிகிரி இறங்க வேண்டிய தண்ணி 8 டிகிரி இறங்கப் பாக்கும், 8-ல இருந்து 8 இறங்கினா என்ன மிச்சம் எண்டு நீங்களே பாருங்கோ, ஐஸ். மெஷின் தன்னைக் காப்பாத்திக்கொள்ளத்தான் நிண்டது, நிக்காம ஓடியிருந்தா எக்ஸ்சேஞ்சர் வெடிச்சுத் தண்ணியும் குளிரூட்டி வாயுவும் கலந்து முழு மெஷினையும் தூக்கி எறிய வேண்டி வந்திருக்கும். கிணத்துக்குக் குளோரின் போட்டு, எக்ஸ்சேஞ்சரை அசிட்டில கழுவி, பில்டர் பூட்டி இப்ப ஓடுது, ஆனா பாக்டீரியா கிணத்துக்க இருக்கிறபடியால இது வருசா வருசம் செய்ய வேண்டிய வேலை, அந்தச் செலவை ஆரும் அந்தக் குடும்பத்துக்கு முதல் சொல்லேல்லை.

இதில கன பேர் ஏமாறுற இடம் ஒண்டு இருக்கு. ஒன்ராறியோவில கிணத்துத் தண்ணியைப் பொதுச் சுகாதார லாப்பில சும்மா டெஸ்ட் பண்ணித் தருவினம், போத்தில் எடுத்துக்கொண்டுபோய் நிரப்பிக் குடுத்தாக் காணும், நல்ல சேவை, எல்லாரும் செய்ய வேணும். ஆனா அதில பாக்கிறது ஈகோலையும் கோலிஃபோம் பாக்டீரியாவும் மட்டும்தான். அந்த ரிப்போட்டைக் காட்டி "தண்ணி கிளீன்" எண்டு சேல்ஸ் ஆள் சொன்னா அந்தப் பாக்டீரியா இல்லை எண்டது மட்டும்தான் அர்த்தம், இரும்பு, கடினத்தன்மை, அமிலத்தன்மை, மங்கனீஸ், அழுகின முட்டை மணம் தாற ஹைட்ரஜன் சல்பைட் இதொண்டும் அதில இல்லை. அதுக்குக் காசு குடுத்துப் பிரைவேட் லாப்பில செய்ய வேணும், மெஷின் விலையோட பாத்தா அந்தக் காசு ஒரு காசே இல்லை. ரிப்போட் மோசமா இருந்தா வேண்டாம் எண்டு விடுங்கோ. நடுத்தரமா இருந்தா சாதாரண செம்பு எக்ஸ்சேஞ்சர் இல்லாம நிக்கல் கலந்த செம்பு, குப்ரோ நிக்கல் எண்டு சொல்லுறது, அதைக் கேட்டு வாங்குங்கோ, பூட்டின பிறகு மாத்திறது லேசில்லை.

பூட்டுறதில ஒரு சின்ன விசயம். தண்ணியைத் திறந்து மூடுற வால்வ் மெஷினுக்கு அங்கால, தண்ணி வெளியில போற பக்கத்தில இருக்க வேணும். உள்ளுக்க வாற பக்கத்தில பூட்டினா மெஷின் நிக்கேக்க எக்ஸ்சேஞ்சருக்குள்ள பிரெஷர் விழுந்து தண்ணியில கரைஞ்சிருக்கிற வாயு வெளியில வரும், அதோட சுண்ணாம்பும் படியும். வெளியில போற பக்கத்தில இருந்தா எப்பவும் பிரெஷரோட நிரம்பி நிக்கும். வால்வ் மெதுவா மூடுற சாதியா இருக்க வேணும், டக்கெண்டு மூடினா பைப் எல்லாம் சுத்தியலால அடிச்ச மாதிரி சுவருக்குள்ள இடிக்கும். பழைய பிரெஷர் தாங்கி சின்னனா இருந்தா பம்ப் நிமிசத்துக்கு நிமிசம் ஓடி நிண்டு ஓடி நிண்டு செத்துப்போகும், பெரிய தாங்கி போடுங்கோ, இல்லாட்டி வேகம் மாறுற பம்ப் போடுங்கோ. பம்ப்பைத் தொடுறவருக்குக் கிணத்து வேலை லைசென்ஸ் தனியா வேணும், என்ர லைசென்ஸ் அதுக்குக் காணாது, அதை நானும் செய்யிறதில்லை.

அடுத்தது, எடுத்த தண்ணியை எங்க விடுறது? கட்டுரையில "தண்ணீர் மீண்டும் இயற்கைக்கே செல்கிறது" எண்டு அழகா எழுதியிருக்கினம். இயற்கை எண்டு அவை சொல்லுறது கனக்க இடத்தில றோட்டோரக் கான். மைனஸ் 20-ல ஒரு நாளைக்கு 40,000 லிட்டர் 4 டிகிரித் தண்ணி கானுக்குள்ள போனா என்ன நடக்கும், உறைஞ்சு உறைஞ்சு மேல ஏறிக் கடைசியில கான் நிரம்பிப் பக்கத்து வீட்டு டிரைவேயில கண்ணாடி போல நிக்கும், முனிசிப்பாலிட்டியில இருந்து கடிதம் வரும், அயலுக்குள்ள முகம் பாக்க ஏலாமப் போகும். வீட்டுக் கழிவு போற செப்ரிக் தாங்கிக்குள்ள விட்டா ஒரு கிழமைக்குள்ள அது நிரம்பிக் காணி முழுக்க நாறும், இதைச் செய்து வச்ச இடத்தையும் பாத்திருக்கிறன், சொன்னா நம்பமாட்டியள். குளம் இருந்தா ஓரளவுக்குப் பரவாயில்லை. இறைச்சு வெளியில விடுறதால உங்கட கிணறு மட்டும் இறங்கிறதில்லை, அதே கல்லுக்குள்ள இருந்து தண்ணி எடுக்கிற பக்கத்து வீட்டுக்காரரிட கிணறும் இறங்கும், அவரும் பிறகு லோயரைப் பிடிப்பார்.

சரியான முறை ரெண்டாவதா ஒரு கிணறு தோண்டி அதே கல்லுப் படைக்குள்ள திருப்பி விடுறது. அதுக்கும் நிபந்தனை இருக்கு, ரெண்டும் கிட்டக் கிட்ட இருந்தா விட்ட குளிர் தண்ணி சுத்தித் திரும்பி முதல் கிணத்துக்கே வந்திடும், மெஷின் தன்ர கழிவையே திரும்பக் குடிக்கும். பைப் தண்ணி மட்டத்துக்குக் கீழ வரைக்கும் இறங்க வேணும், மேல இருந்து கொட்ட விட்டா காத்துக் கலந்து இரும்பு துருவாகிக் கிணறு அடைபடும். ஒரு கிணறு தாற அளவுத் தண்ணியை அதே அளவு கிணறு லேசில திருப்பி உறிஞ்சாது, அதுவும் தெரிஞ்சிருக்க வேணும். முக்கியமா அந்தக் கிணறு வடிவாச் சீல் பண்ணியிருக்க வேணும். 2000-ம் ஆண்டு மே மாசம் வோக்கேட்டனில என்ன நடந்தது எண்டு பழைய ஆக்களுக்கு நினைவிருக்கும், பெருமழைக்குப் பிறகு மாட்டெருவில இருந்த ஈகோலை ஊர்க் கிணறு ஒண்டுக்க இறங்கி 7 பேர் செத்தவை, 2000 பேருக்கு மேல வருத்தமாக் கிடந்தவை. அது ஹீற் பம்ப்பால வந்தது இல்லை, ஆனா மேல உள்ள அழுக்கை நேரா நிலத்தடித் தண்ணிக்குக் கொண்டுபோக ஒரு மோசமான கிணறு காணும் எண்டு இந்த மாகாணம் படிச்சது அங்கதான், 2006-ல சுத்தத் தண்ணிச் சட்டம் வந்ததும் அதுக்குப் பிறகுதான். யாழ்ப்பாணம் சுன்னாகத்துக் கிணறுகளில எண்ணெய் மிதந்ததைப் பாத்த சனத்துக்கு நான் மேல சொல்லத் தேவையில்லை, சுண்ணாம்புக் கல்லுக்குள்ள ஒண்டு போனா அது வேலி பாத்து நிக்காது.

இதெல்லாம் வேண்டாம் எண்டா குளோஸ்ட் லூப் எண்டு ஒண்டு இருக்கு, கிணத்துத் தண்ணியைத் தொடாமப் பிளாஸ்டிக் பைப்பை நிலத்துக்குள்ள இறக்கி அதுக்குள்ள உறையாத திரவம் சுத்திக்கொண்டு இருக்கும். தண்ணித் தரம் பற்றின கவலை இல்லை, காசுதான் கவலை, முப்பதாயிரம் டொலருக்கு மேல லேசாப் போகும். நிமிர்த்தித் துளைக்கிறதுக்கு 5 மீற்றருக்கு மேல போனா மாகாண அனுமதி வேணும் எண்டு 2012-ல விதி வந்தது, துளைக்கேக்க கீழ இயற்கை வாயு தட்டுப்படுற ஆபத்து இருக்கிறதால, பூட்டுற கொம்பனிட்ட அந்த அனுமதி இருக்கோ எண்டு கேளுங்கோ. காணி பெரிசா இருந்தா படுக்கையாப் புதைக்கலாம், அது மலிவு. உண்மையைச் சொன்னா என்னட்டக் கேக்கிறவையில கன பேருக்கு நான் சொல்லுறது இது ரெண்டுமே இல்லை, வீட்டுக் கூரையில காத்துப் போற ஓட்டையளை அடைச்சு இன்சுலேசன் போட்டுப் போட்டு, கடுங்குளிருக்குச் செய்த காத்து ஹீற் பம்ப் ஒண்டைப் பூட்டி, எண்ணெய் இல்லாட்டிப் புரோபேன் எரிக்கிற பழைய ஃபர்னஸை மிச்சக் குளிருக்கு வச்சிருங்கோ எண்டு. எனக்கு இதில வருமானம் குறைவுதான்.

கூலிங் பக்கம் மட்டும் கிணறு கிட்டத்தட்ட வரப்பிரசாதம். 9 டிகிரித் தண்ணியைக் கொம்ப்ரெசர் இல்லாமலே ஒரு சுருள் பைப்புக்குள்ள விட்டுப் பேனைப் போட்டா வீடு குளிரும், காத்தில உள்ள ஈரமும் இறங்கும், ஓடுறது பம்ப்பும் பேனும் மட்டும். ரொறன்ரோ டவுன்ரவுனில பெரிய கட்டடங்களுக்கு 2004-ல இருந்து ஒன்ராறியோ ஏரியில 83 மீற்றர் ஆழத்தில இருந்து 4 டிகிரித் தண்ணியை எடுத்துக் குளிரைக் குடுத்துப்போட்டு அதே தண்ணியைக் குடிதண்ணிக் குழாய்க்கு அனுப்புகினம், ஒரே தண்ணியில ரெண்டு வேலை, கெட்டிக்கார வேலை. ஆனா கூலிங்கிலயும் அளவு மிஞ்சினாப் பிழை, வினிப்பெக்கில கன கட்டடங்கள் நிலத்தடித் தண்ணியில கூலிங் எடுத்துச் சூடாக்கித் திருப்பி விட்டு விட்டு அந்த இடத்தில நிலத்தடித் தண்ணியே சூடேறிப்போச்சு. ஒரு வீட்டுக்கு இது பெரிய கவலை இல்லை, ஒரு முழுப் புதுக் குடியிருப்புக்கும் இதைப் போடுவம் எண்டு பில்டர்மார் கதைச்சா அப்ப கேக்க வேண்டிய கேள்வி.

கரண்டு நிண்டா? 2025 மார்ச் கடைசியில ஒறிலியா, பீற்றர்பரோ, கவார்த்தா பக்கம் ஐஸ் மழை பெய்து நாள் கணக்கில கரண்டு இல்லாமக் கிடந்ததை அந்தப் பக்கத்து ஆக்கள் மறந்திருக்கமாட்டினம். புரோபேன் ஃபர்னஸுக்கு ஒரு சின்ன ஜெனரேற்றர் காணும், பேன் மட்டும்தானே. கிணத்து ஹீற் பம்ப்புக்குக் கொம்ப்ரெசரும் பம்ப்பும் சேர்ந்து இழுக்கிறதுக்குப் பெரிய ஜெனரேற்றர் வேணும். ஆகவே பழைய விறகு அடுப்பையோ புரோபேனையோ கழட்டி வித்துப்போடாதேங்கோ, சேல்ஸ் ஆள் "ரெண்டு சிஸ்டம் எதுக்கு அண்ணை" எண்டு கேப்பார், அவர் அந்த இரவு உங்கட வீட்டில படுக்கிறதில்லை.

சைன் வைக்கிறதைப் பற்றியும் ரெண்டு சொல். வீட்டுக் கதவில தட்டி ஃபர்னஸ், ஏசி, வோட்டர் ஹீற்றர், தண்ணி பில்டர் விக்கிறதை ஒன்ராறியோ 2018 மார்ச்சில தடை செய்தது. வீட்டில வச்சுச் சைன் வச்ச ஒப்பந்தத்தை 10 நாளுக்குள்ள காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். வாடகை மெஷின் எண்டு பூட்டிப்போட்டு வீட்டு உறுதியில கடன் போல பதியிற விளையாட்டால எங்கட வயசுபோன ஆக்கள் எத்தினை பேர் வீடு விக்கப் போற நேரம் அழுதவை, அந்தப் பதிவை 2024 ஜூனில மாகாணம் நிப்பாட்டினது நல்ல காரியம். எண்டாலும் மாசம் இவ்வளவு எண்டு பத்து வருச வாடகைக்குக் கிணத்து மெஷின் குடுக்கிறம் எண்டு ஆரும் வந்தா, கிணறு பழுதாப் போனா வாடகை ஆர் கட்டுறது எண்டு கேளுங்கோ, கதை அதோட முடியும்.

இடைக்கிடை ஊரில இருந்தும் போனில கேக்கினம், யாழ்ப்பாணத்தில கிணறு இல்லாத வீடு இல்லை, இதை அங்க ஏசிக்குச் செய்யலாமோ எண்டு. அங்க கிணத்துத் தண்ணி 28 டிகிரிக்குக் கிட்ட, காத்தும் இரவில அந்த அளவுதான், இஞ்ச கிடைக்கிற வித்தியாசம் அங்க இல்லை, ஹீற்றிங் தேவையே இல்லை. அதைவிட அந்த நன்னீர் உப்புத் தண்ணிக்கு மேல மெல்லிசாக் கிடக்கிறது, நாள் முழுக்க இறைச்சாக் கீழ இருந்து உவர் மேல வரும். தோட்டத்துக்கும் குடிக்கவும் உள்ள தண்ணியை ஏசிக்கு இறைக்கிறது எனக்குச் சரியாப் படேல்லை.

ஆசிரியர் ஐயா, உங்கட பேப்பரில வந்த கட்டுரைக்குக் கீழ ஒரு கொம்பனியிட போன் நம்பர் இருந்தது. விளம்பரம் எண்டா விளம்பரம் எண்டு மேல போடுங்கோ, எங்கட வயசுபோன ஆக்கள் பேப்பரில வந்தா உண்மை எண்டுதான் எடுப்பினம். அடுத்த முறை இதே விசயத்தில எழுதினா கிணத்து ரெக்கோர்ட்டை மாகாண மப்பில எப்பிடித் தேடுறது எண்டு படம் போட்டு விளக்குங்கோ, வீட்டு விலாசத்தைத் தட்டினா கிட்ட உள்ள கிணறுகள் எல்லாம் புள்ளி புள்ளியா வரும், உங்கட கிணத்தைக் கண்டுபிடிக்க ஏலாட்டி அது பதிவுக்கு முந்தின பழைய கிணறா இருக்கலாம், அப்ப லைசென்ஸ் உள்ள கிணத்து வேலைக்காரரைக் கூப்பிட்டு மூடியைத் திறந்து ஆழத்தையும் தண்ணி மட்டத்தையும் அளந்துபோட்டு மெஷின்காரரோட கதைக்கத் தொடங்குங்கோ.

நன்றி.

இப்படிக்கு,
ஹீற் பம்ப் திருத்திற உங்கட வாசகன்,
கவார்த்தா லேக்ஸ், ஒன்ராறியோ